ஈரத்தில் பழகியவள்

மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரைச் சாலையில் ஸ்கேட்டிங் பயிற்சி முடித்து நனைந்து திரும்பிய தேவதர்ஷினிக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் காலை மாநில அணிக்கான தேர்வு.

"செலக்ட் ஆனா ஓட்டிக்கோ. ஆவலன்னா அந்தச் சக்கரம் பரணுக்குப் போயிடணும்" என்று மாமியார் கங்கையம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். "நம்ம வூட்ல எந்தப் பொண்ணு இப்டி ரோட்ல வழுக்கிகினு போச்சு?"

தர்ஷினி ஒப்புக்கொண்டிருந்தாள். ஈரத்தரையில் மற்றவர்கள் சாய்ந்து திரும்பி விழுவார்கள். அவள் முழங்காலை மடக்கி, காலை அகலவிடாமல், சின்னச் சின்னதாகத் தள்ளிப் போவாள். அதற்காகவே மழையில் பழகினாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவின் அடியில் வரிசையாக இருக்கும் சக்கரங்களைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பேரிங்குகளைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணிப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

அன்று எழுந்திருக்க முடியவில்லை.

"நீ படு. நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன் இளமாறன்.

"நீங்களா? என் ஸ்கேட்ஸைத் தொட்டதே இல்லையே."

"அது அப்போ. இப்போ நான் சாம்பியனோட புருஷன்."

காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது. அவனும் தன் பக்கம் வந்துவிட்டான் என்ற நிம்மதியில் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள்.

காலையில் பைக்கில் கூட்டிப்போனதும் அவன்தான். மைதானத்தில் ஷூவை மாட்டியதுமே கால் கனத்தது. சக்கரத்தைக் கையால் சுழற்றினாள்; உடனே நின்றுவிட்டது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நினைத்தபடியே மழையில் நனைந்திருந்த முதல் வளைவில் முன்னால் போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். வழி திறந்து கிடந்தது. தள்ளினாள். சக்கரம் உருளாமல் இழுத்தது. விழுந்தவர்கள் எழுந்து அவளைத் தாண்டிப் போனார்கள்.

"இன்னா தர்ஷினி, காலை வூட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" கோச் தனசிங் கத்தினார்.

கடைசிச் சுற்றில் சூடேறிச் சக்கரங்கள் இளகி ஓடின. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

படியில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினாள். பேரிங்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை முகர்ந்தாள். தினமும் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய். மார்கழிக் குளிரில் அது பாட்டிலிலேயே உறைந்துகிடக்கும்.

"மெஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்துச்சு. அதான் உன்னோட நல்ல செக்கெண்ணெயையே தாராளமா விட்டேன்" என்றான் இளமாறன். சட்டென்று அவன் முகம் மாறியது. "அதனாலயா, தர்ஷினி?"

"இல்லங்க. காய்ச்சல். கால்ல பலமே இல்ல."

வீட்டு வாசலிலேயே கங்கையம்மாள் நின்றிருந்தாள். "இன்னா ஆச்சு?"

"ஆவல அத்தை."

கங்கையம்மாள் திட்டவில்லை. உள்ளே போய்ப் பரணுக்கடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

இளமாறன் துணியும் பழைய பேப்பரும் எடுத்து வந்தான். "ஈரமா இருக்கே, தொடைக்கலையா?"

"வேணாங்க." நனைந்த ஸ்கேட்ஸை அப்படியே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவளுக்குக் கை எட்டாது என்பதால் ஸ்டூலில் ஏறியவன் அவன்தான்.

பையைத் தலைக்குமேல் தூக்கியபோது சேற்றுத்தண்ணீர் அவன் சட்டையில் சொட்டியது. தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது.

"காய்ச்சல்னு சொன்னியே" என்றான், திரும்பாமல்.

தர்ஷினி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துடாதீங்க. உள்ள தள்ளி வைங்க."