தண்டர் ராஜாவின் வலது கை

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தண்டர் ராஜாவின் வலது கை முறிந்தது. அப்போது அவன் நாற்பத்தோராயிரம் செல்போன்களில் இருந்தான். நாற்பத்தோராயிரத்திலும் ஒரே நொடியில் முறிந்தது. சித்தூரில் காலேஜ் பஸ்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களும், திருப்பதியில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றவர்களும், பலமனேர் மண்டியில் ஏலம் தொடங்கக் காத்திருந்தவர்களும் 'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு எழுதினார்கள். அன்றைக்குப் பலமனேரில் தக்காளி பெட்டி முன்னூற்று இருபதுக்குப் போனது.

அவனைச் செய்தவன் நகரியைச் சேர்ந்த உமாபதி. திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த பாவு நூல் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்தான். செல்போன் ஆட்டத்தின் பெயர் 'தண்டர் ராஜா 3'. ஒன்றும் இரண்டும் எங்கே என்று கேட்கக் கூடாது. மூன்று என்று போட்டால் பழைய கம்பெனி என்று நம்புவார்கள் என்பது அவன் கணக்கு. உலகமே ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரிய கத்திச்சண்டை ஆட்டத்தை அவன் ஈயடிச்சான் காப்பியாக அடித்திருந்தான். அதே கறுப்பு அங்கி, அதே வளைந்த கத்தி, அதே ஏழு மாடிக் கோபுரம், அங்கேயிருந்து அதே பாய்ச்சல். அந்த வீரனுக்கு வலது கண்ணுக்கு மேல் இருந்த தழும்பை இவனுக்கு இடது கண்ணுக்கு மேல் வைத்தான். மனசாட்சிக்கு அது போதுமென்று தோன்றியது.

காப்பியடிக்க முடியாமல் போனது ஒன்றுதான், உடம்பின் அசைவு. பெரிய கம்பெனியில் அதற்கென்று நானூறு பேர் இருந்தார்கள். உமாபதிக்கு இருந்தவன் மச்சான் குணா ஒருவன். நாலு தறியை ஒற்றை ஆளாக ஓட்டுகிற குணாவைக் காலி மனையில் நடக்கவிட்டு, ஓடவிட்டு, துடைப்பத்தை வீசவிட்டுச் செல்போனில் படம் பிடித்தான். தறிக்காரன் எங்கே நின்றாலும் நூல் அறுந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பான். குணாவும் பார்த்தான். அதனால் தண்டர் ராஜாவும் பத்துப் பேர் கத்தியோடு சூழ்ந்து நிற்கும்போது சண்டையை நிறுத்திவிட்டு இடதும் வலதும் திரும்பி எதையோ சரிபார்த்துக்கொண்டான். கோபுரத்திலிருந்து பாய்கிற காட்சிக்குக் குணா மணல் குவியலைவிட உயரமான எதிலிருந்தும் குதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மூன்றடி குவியலிலிருந்து குதித்து, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எழுந்தான். உமாபதி அதையே ஏழு மாடிக்கும் வைத்துவிட்டான். பெரிய ஆட்டத்து வீரன் உருண்டு எழுவான். இவன் பதினோரு மாதமாக அந்த ஒரு கையின் மேலேயே விழுந்துகொண்டிருந்தான்.

கை முறிவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பெரிய கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. உங்கள் வீரன் எங்கள் வீரனின் நகல். அவன் உங்களுடையவன்தான் என்பதற்கு முப்பது நாளுக்குள் அத்தாட்சி காட்டாவிட்டால் ஆட்டம் ஆன்லைன் கடையிலிருந்து எடுக்கப்படும். உமாபதியின் மனைவி ரேகா ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் செல்போனுக்குத் திருகாணி மாட்டுகிறவள். நோட்டீஸைப் படித்துவிட்டு, அங்கே ஆள் எடுக்கிற ஃபாரம் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். சண்டை போடவில்லை. உமாபதிக்கும் சண்டை போட வாயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அவன்தானே. ஆனால் பதினோரு மாதமாகத் தினமும் பார்த்த முகம். அது நாளைக்கு இருக்காது என்று நினைத்தவன் ஃபாரத்தைக் கவிழ்த்து வைத்தான்.

கை முறிந்ததும் நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தான். நிரலில் கை நன்றாக இருந்தது. படத்தில் நன்றாக இருந்தது. போனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். தண்டர் ராஜா தொங்கிய கையோடேயே வந்து நின்றான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். உதட்டைக் கடித்திருந்தான். இரண்டையும் உமாபதி வரைந்திருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வந்த குணா போனை வாங்கிப் பார்த்தான்.

"இன்னா மாப்ளே, கை ஒடஞ்சிகீது. நீ இன்னாவோ தட்டிக்கினு குந்திகீறே?"

"இது புரோகிராம்ல பக் மச்சான். சரி பண்ணிக்கினு கீறேன்."

"ஒடஞ்ச கையி சரி பண்றதுக்கு ஊர்ல வேற எடமா கீது? கெளம்பு, புத்தூருக்கு."

உமாபதி சிரித்தான். ரேகா சிரிக்கவில்லை. "எப்படியும் முப்பது நாள்ல போற புள்ளதான்," என்றாள். "அதுக்காக நோவோட வுட்டுடுவியா?" என்று சொல்லி, வழியில் தின்ன ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதமும் கட்டிக் கொடுத்தாள்.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ரங்கையாவின் கொட்டகையில் அன்றைக்குக் கூட்டம். பைக்கில் விழுந்தவர்கள், மாமரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றுமேட்டில் வழுக்கியவர்கள். சீட்டு எழுதுகிற மல்லிகா தலையை நிமிர்த்தாமலேயே நோயாளி பெயரைக் கேட்டாள்.

"தண்டர் ராஜா."

"வயசு?"

"பதினோரு மாசம்."

அவள் போனை எட்டிப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். பதினோரு மாதம் என்றே எழுதினாள்.

"நைனா பேரு?"

உமாபதி சீட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். தழும்பு அவர்களுடையது, அங்கி அவர்களுடையது, கத்தி அவர்களுடையது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைக்கு அப்பன் யார் என்று சொல்வது? பின்னால் நின்ற ஒருத்தி, "சட்டுனு சொல்லுப்பா, கொழந்த கை வீங்கிக்கினு போவுது," என்று அதட்டினாள்.

"உமாபதி," என்றான். சொன்ன பிறகு காது சுட்டது.

ரங்கையா போனைப் பலகையில் மல்லாக்க வைத்து, கண்ணாடிமேல் கட்டைவிரலால் அழுத்தி, "எக்கட நொப்பி?" என்று தெலுங்கில் வலிக்கிற இடத்தைக் கேட்டார். தண்டர் ராஜா முகம் சுளித்த இடத்தில் நிறுத்தினார். இரண்டு எலும்பு என்றார். குணாவைப் போனைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தார். உமாபதி கண்ணை மூடிக்கொண்டான். இலைச் சாந்தும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பட்டை வைத்து, போனைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினார். சார்ஜர் குத்துகிற ஓட்டையை மட்டும் வெளியே விட்டார். மூன்று கட்டு, நாற்பத்தைந்து நாள். கனம் தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, கத்தரிக்காய் ஆகாது. உமாபதி வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தின் கடைவீதியில் நின்ற காய்கறி வண்டியிலிருந்து கத்தரிக்காய்களை எடுத்துவிட்டான்.

அன்று சாயந்திரமே நாற்பத்தோராயிரம் போன்களிலும் தண்டர் ராஜா வெள்ளைக் கட்டோடு தோன்றினான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சண்டைக்குப் போகவில்லை. பின்னணிக்காக உமாபதி வரைந்து வைத்திருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இடதும் வலதும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த எதிரிகளும் கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆடியவர்கள் திட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "இப்போ எப்படி கீது?" என்று கேட்டுத்தான் எழுதினார்கள். மூன்றாவது வாரத்தில் அவன் அறுபதாயிரம் போன்களில் இருந்தான்.

நோட்டீஸ் கெடுவின் இருபத்தொன்பதாம் நாள் வந்தது. அனுப்ப உமாபதியிடம் ஒரு காகிதமும் இல்லை. இருந்த கோப்பெல்லாம் காப்பியடித்ததற்குத்தான் அத்தாட்சி. கடைசியில், சட்டைப்பையிலிருந்த புத்தூர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். பெயர் தண்டர் ராஜா, தகப்பனார் உமாபதி, ஊர் நகரி, வலது முன்கை. நகரியில் யாரிடம் கேட்டாலும் இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்பார்கள். பெரிய கம்பெனியார் மூன்று நாள் யோசித்து, தங்கள் வீரனுக்கு இப்படியொரு முறிவு பதிவில் இல்லை, ஆகவே இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று பதில் எழுதி, நோட்டீஸை வாபஸ் வாங்கினார்கள். வேறு வேறு ஆட்கள் என்ற வரியை உமாபதி ரேகாவுக்கு நாலு முறை படித்துக் காட்டினான். ரேகா ஃபாரத்தை எடுத்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். கிழிக்கவில்லை. அவள் விவரமானவள்.

கை முறிந்த நாற்பத்தாறாம் நாள் கட்டு அவிழ்ந்தது. உமாபதி அவனைக் கோபுரத்து ஏழாம் மாடியில் நிறுத்தி, பாய்கிற பொத்தானை அழுத்தினான். தண்டர் ராஜா விளிம்புவரை வந்தான். கீழே பார்த்தான். இடது பார்த்தான், வலது பார்த்தான். பிறகு திரும்பி, கோபுரத்துக்குள் போய்ப் படியிறங்க ஆரம்பித்தான். உமாபதி அந்தக் கோபுரத்துக்குப் படி வரைந்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று, பதினோரு நிமிடம் இறங்கினான். அதுவரை உமாபதி பொத்தானைத் தொடவில்லை.

"நானா இருந்தாலும் அதான் பண்ணுவேன்," என்றான் குணா.

மறு வருஷம் மாசியில் முறிந்த கைக்கு மாதாமாதம் பூசுகிற தைலத்துக்காக உமாபதி போனோடு புத்தூர் போயிருந்தபோது, பெங்களூர் டாக்சியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். பெரிய கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பத்து வருஷமாக உருண்டு உருண்டு எழுந்த அவர்கள் வீரனுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. மல்லிகா பெயர் எழுதினாள், வயது எழுதினாள்.

"நைனா பேரு?"

அவர்கள் எங்கெங்கோ போன் செய்தார்கள். நானூறு பேர் சேர்ந்து செய்தது, இன்னார் என்று சொல்ல ஏற்பாடில்லை என்றார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. மல்லிகா அவர்கள் வீரன் இருந்த போனை வாங்கிப் பார்த்தாள். பக்கத்து பெஞ்சில் உமாபதியின் மடியிலிருந்த போனையும் எட்டிப் பார்த்தாள்.

"மூஞ்சி ஒரே அச்சா கீது. அண்ணன் தம்பிதானே?" என்று சொல்லி, தகப்பனார் என்ற இடத்தில் உமாபதி என்று எழுதி முத்திரை குத்தினாள்.

வந்தவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். உமாபதி நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு பெஞ்சில் இடம் விட்டான். அவர்களுடைய டோக்கன் நம்பர் முப்பத்தெட்டு; அப்போது இருபதாவது ஆளுக்குத்தான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.