இரண்டாவது ஸ்பூன்

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடையில் தொடங்கியது. இருமலோடு போன நான், சின்ன வயதில் வீட்டில் இருந்த சிவப்பு மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அதை நிறுத்தி எவ்வளவோ வருஷமாச்சு சார். இருமல் நிக்குதோ இல்லையோ, ஆள் தூங்கிடுவான். குழந்தைங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது."

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அம்மா தங்கைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போவாள்."

(நன்றாகத்தான் வந்திருக்கிறது. கல்நெஞ்சுக்கார அம்மா, பாவப்பட்ட தங்கை, ஒன்றும் அறியாத நான். வாசகருக்கு என்னைப் பிடித்துப்போகும்.)

அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு டெலிபோன் ஆபீசில் மதிய ஷிப்ட். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. காலைப் பள்ளி முடிந்து வந்து மத்தியானம் படுத்தால், தங்கை விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். பள்ளியிலும் தலை தொங்கிவிடும். ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். 'தூங்குமூஞ்சி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

3

கூடுதல் தகவலுக்காக அம்மாவிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அவளுக்கு அவ்வளவு மருந்து கொடுத்தே?"

"இருமினா ஒரு ஸ்பூன் ஊத்துன்னு உன்கிட்டதான் சொல்லிட்டுப் போவேன். ஒரு மாசத்துக்கு வாங்கின பாட்டில் பத்து நாள்ல தீர்ந்துச்சு. நானா குடிச்சேன்?"

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும். கேட்டா, இனிமே அவளைப் பார்த்துக்க மாட்டேன்னுடுவே. நான் வேலைக்குப் போகணுமே."

மடித்த தலையணை உறையைப் பிரித்து, திரும்பவும் மடித்தாள்.

4

ஆகவே திருத்துகிறேன். அம்மா தங்கைக்கு மரு—

இல்லை, நான். பந்தாடப் போகும் அவசரத்தில் சில நாட்கள், அவள் இருமாதபோதும், இரண்டாவது ஸ்பூனும் ஊற்றினேன். இனிப்பு என்பதால் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

(அதனால்தான் வகுப்பில் பின்தங்கினாளா? கடைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் யாரால சார் சொல்ல முடியும்?" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் திரும்பவும் எழுத உட்கார்ந்தேன்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தங்கை அழுகிறாள். இன்னொன்றில், "நீயும் சின்னப் பிள்ளைதானே" என்று மன்னிக்கிறாள். எனக்கு ரொம்பவும் வசதியாக இருந்ததால் அதைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் தாள்களோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

நான்காம் பகுதிவரை படித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு வரியின்மேல் விரலை வைத்திருக்கிறாள்.

"சில நாள்னு எழுதியிருக்கே. எத்தனை நாள், அண்ணா?"

எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கையை முதலில் என் வாயால் கேட்க வேண்டியவள் அவள். வாசகரே, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.