உறைக்கு எந்த வீட்டு மோர்

பித்தப்பையை எடுத்த பிறகு எனக்கு நீராகாரம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் என்றே ஓடியதில் ஒரு காலையில் நானும் திரவமாகிவிட்டேன். என் கணவர் குணசேகரன் என்னை வடிகட்டி, பெரிய எவர்சில்வர் அடுக்கில் ஊற்றி, தட்டு போட்டு மூடிவைத்தார். வடிகட்டியது அதிகப்பிரசங்கித்தனம். என்னிடம் கசடு எதுவும் கிடையாது.

திங்கட்கிழமை தையல் பிரிக்க வேண்டும். திரவத்தில் தையல் பிரிப்பதில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிறு மாலையே எனக்கு உறை ஊற்றியாக வேண்டும்.

"உறைமோர் இல்லையே" என்றார் குணசேகரன்.

"எங்க போச்சு?" என்று அடுக்குக்குள்ளிருந்து கேட்டேன்.

"நீதானே குடிச்சே. மோர் குடுக்கச் சொன்னாங்க. இருந்த தயிரையெல்லாம் கரைச்சுட்டேன்."

உறைக்கு ஒரு ஸ்பூன் எடுத்துவைக்கத் தெரியாத மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம்.

கீழ்வீட்டில் இருக்கும் அவர் தங்கை கோமளா உடனே கிண்ணத்தோடு ஏறி வந்துவிட்டாள். அவள் வீட்டுத் தயிர் நூல் விடும். அந்த மோரில் உறைந்தால், மிச்ச ஆயுசுக்கும் அவளைப் போலவே "சரிண்ணா, ஆமாண்ணா" என்று வழவழத்துக் கிடக்க வேண்டியதுதான். குணசேகரனுக்கு இதில் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்பூனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தட்டுமா அண்ணி?"

"ஊத்தித்தான் பாரேன்."

சூட்டில் உறை ஊற்றினால் திரிந்துபோகும். நான் அவர்கள் குடும்பத்தை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கோமளா கல்யாணத்தில் எனக்கு வைத்துக்கொடுத்த புடவைக்கு வந்தபோது மேலிருந்த தட்டு தடதடத்தது.

"கையே வைக்க முடியலைண்ணா."

"ஆறட்டும். இருப்போம்."

இருந்தார்கள். எனக்கு நினைக்க இன்னும் ஆட்கள் இருந்தார்கள். பெரிய குடும்பம்.

கடைசியில் அவரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு பெனடிக்டா டீச்சரிடம் போனார். டீச்சர் வீட்டுத் தயிரைக் கத்தியால்தான் வெட்டுவார்கள். அந்த மோர் வந்ததும் நான் வெதுவெதுப்புக்கு இறங்கினேன்.

மறுநாள் கெட்டியாக எழுந்தேன். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பார்த்தாச்சுன்னா விரலை எடுங்க" என்றேன்.

எடுத்தார். தையலைப் பிரித்துவிட்டு, இனி இட்லி சாப்பிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தால், அடுக்கில் ஒட்டியிருந்த ஏட்டைக் கோமளா வழித்துக்கொண்டு போயிருந்தாள். அதைக் கடைந்தபோது வெண்ணெய்க்குப் பதிலாக என் மாமியார் திரண்டு வந்தாராம். காலமாகிப் பல வருஷம் ஆனவர். மாலையில் படியேறி வந்து, காபி எங்கே என்று கேட்டார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.