என்ன பறவை?

இடது தோளைத் தூக்க முடியாததால் வென்டி வலது தோளால் 'மூன்று லாடம்' பப்பின் கதவைத் தள்ளினாள். மதியம் பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஈர ஜாக்கெட்டும் கணப்பு நெருப்பும் சேர்ந்த வாடை முகத்தில் அடித்தது. அவளோடு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

குதிரையிலிருந்து அவள் விழுந்த சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் சின்ன ஊரான மிடில்ஹாமில் அதை மறைக்க முடியாது. காலையில் மேட்டுப் புல்வெளியில் அவளை உதறிவிட்டு, டாலி என்கிற இளம் பெண்குதிரை காலி சேணத்தோடு இறங்கி, சந்தைத் திடலைச் சுற்றி, ரொட்டிக்கடையைத் தாண்டி, சமர்த்தாக லாயத்து வாசலில் போய் நின்றுவிட்டது. ஊரே பார்த்தது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வந்தவளையும் பார்த்தது.

விழுந்தவர் அன்று மதியம் எல்லோருக்கும் ஒரு சுற்று பியர் வாங்க வேண்டும். பப்புக்காரி ரோஸ்மேரி ஸ்டூல் மேல் ஏறி, உத்தரத்தில் விழுந்தவர் பெயருக்கு எதிரே சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். கோடு போட்டு முடியும்வரை வாய்க்கு வந்தபடி கிண்டல் நடக்கும். முப்பத்து மூன்று வருடமாக வென்டி அதை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். விலா எலும்பு முறிந்த வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்கு, லாயமே கையெழுத்துப் போட்டு ஒரு குழந்தை நடைவண்டியை அனுப்பி வைத்தது. அன்று அவள் சிரித்துச் சிரித்து வலியில் அழுதாள்.

இன்று அவளோடு சவாரி செய்யும் கீத் எழுந்து கணப்புக்குப் பக்கத்திலிருந்த தன் நாற்காலியைக் கொடுத்தான். அந்த நாற்காலியை அவன் தன் சொந்தத் தம்பிக்குக்கூட விட்டதில்லை.

"உக்காரு கண்ணு," என்று ரோஸ்மேரி பியரையும் பன்றிக்கறி அடைத்த அப்பத்தையும் கொண்டுவந்து வைத்தாள். "காச உள்ள வை. சுத்துக்கு நெவில் குடுத்துட்டான்."

"அவனா விழுந்தான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் பியர் நுரையைப் பார்த்தான். 

நெவில்தான் லாயத்து மேஸ்திரி. நாளைக்கு யாருக்கு எந்தக் குதிரை என்று எழுதின பட்டியலை, வந்ததும் வராததுமாக அம்பெறியும் பலகைக்குப் பக்கத்து ஆணியில் குத்திவிடுவது அவன் வழக்கம். இன்று ஆணி காலியாக இருந்தது. தாள் அவன் சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது.

"பட்டியல் எங்க நெவில்?"

"முதல்ல சாப்பிடு."

அந்தக் குரலின் மென்மை அவளுக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் லாயத்தில் சவாரி செய்துகொண்டிருந்த லென்னிடமும் அவன் இப்படித்தான் பேசினான். ஆறு வாரத்தில் லென் மூன்று முறை விழுந்தான். மூன்றாவது முறை யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை, நாற்காலி கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவனுக்குக் குதிரை இல்லை, கையில் துடைப்பம் இருந்தது. அன்று அவனுக்குத் தோள் தட்டி ஆறுதல் சொன்னவர்களில் வென்டியும் ஒருத்தி. அவளுக்கும் இது ஆறு வாரத்தில் மூன்றாவது முறை. ஐம்பத்தைந்து வயதில் குதிரை மேல் ஏறாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அசதியாக இருந்தது. ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது.

கோடு போட ரோஸ்மேரி வருவதாகத் தெரியவில்லை. வென்டியே எழுந்து போய்க் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த சாக்பீஸை எடுத்தாள். ஸ்டூலை உத்தரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டாள். வலது காலை வைத்து ஏறிவிட்டாள். இடது கால் பின்னாலேயே தயங்கி வந்தது. ஸ்டூல் ஆடியது.

கீத்தால் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. "நாலு கால் குதிரை மேலயே நிக்கல, மூணு கால் ஸ்டூல் மேல நிக்கப் போறாளாம்."

 பப்பே சிரிப்பில் வெடித்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. இவளுக்கு மாசம் ரெண்டு தரம் சறுக்குது."

"டாலிதான் பாவம், வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு வந்துச்சாம்."

வென்டியும் சிரித்தாள். உடம்பெல்லாம் சூடு பரவியது. 

"அது கெடக்கட்டும்," என்றான் கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தத் தடவை என்ன பறவை?"

போன இரண்டு தடவையும் அவள் ஒரு பறவை மேல்தான் பழியைப் போட்டிருந்தாள். இன்றும் பதில் தயாராக இருந்தது. கௌதாரி. புதரிலிருந்து விருட்டென்று கிளம்பியது, குதிரை மிரண்டது. நடந்து வந்த இரண்டு மைலும் அதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் இவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்த சிரிப்புக்கு முன்னால் பொய் வரவில்லை.

"பறவை எதுவும் இல்ல கீத்," என்றாள். "குதிரை ஒழுங்காத்தான் ஓடுச்சு. என் இடது கால்தான் மரத்துப்போச்சு. பிடியே இல்ல."

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. நெவில் எழுந்து வந்தான். குனிந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"போடு," என்றான். "பிடிச்சிருக்கேன்."

வென்டி தன் பெயருக்கு எதிரே கோட்டைப் போட்டாள். கொஞ்சம் கோணலாக வந்தது. சாக்பீஸ் தூள் அவன் வழுக்கைத் தலையில் உதிர்ந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து பட்டியல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குனிந்தால் அதில் தன் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவள் குனியவில்லை; உத்தரத்தையே பார்த்துக்கொண்டு, போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தரம் மெதுவாக இழுத்தாள்.