விளம்பரத்துக்கு அப்புறம்

டிவியில் கிரிக்கெட் ஆட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டே போக, எடிட்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுங்க முடிக்கவே மாட்டானுங்களா மாப்ள? உங்க நிகழ்ச்சிய எப்பதான் போடுவாங்க?" என்றார் மாமியார்.

சிக்கலே அதில்தான். ஞாயிறு மாலை முதலில் ஆட்டம், அடுத்து இவர்களுடைய வாராந்தரச் செய்தித் தொகுப்பு, அதன்பின் செய்தி. ஆட்டம் எவ்வளவும் நீளலாம். செய்தி இம்மியும் நகராது. நடுவில் மாட்டிக்கொண்ட நிகழ்ச்சிதான் உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். அதனால் பல வருடங்களாக ஒவ்வொரு கதையையும் இரண்டு விதமாக வெட்டி வைப்பார்கள்: முழுசு, குட்டை. குட்டை ஒளிபரப்பாவது அபூர்வம். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் எடிட்டர் அதை வெட்டுவார்.

நிகழ்ச்சிக்கென்று ஒரு பாணியும் உண்டு. பின்னணி இசை கிடையாது. கேள்வி, பிறகு முகம். பதில் சொல்பவர் திணறினால் கேமரா மெல்ல நெருங்கும். அந்த மௌனத்துக்காகவே பார்ப்பவர்கள் உண்டு.

இன்று குட்டைதான் போனது. பள்ளி வேன் சுவரில் மோதிப் பிள்ளைகளுக்கு அடிபட்ட கதை. "பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சும் ஏன் வண்டிய எடுத்தீங்க?" டிரைவர் எச்சில் விழுங்கினார். பார்வை தாழ்ந்தது. விளம்பரம்.

முழுசில் அவர் உடனே தலை நிமிர்ந்து, "எத்தனையோ தடவ சொன்னேன் சார். நீ ஓட்டலைன்னா வேற ஆளு இருக்கான்னு முதலாளி சொல்லிட்டாரு" என்பார். குட்டைக்காக எதையாவது வெட்டியாக வேண்டியிருந்தது. மௌனம் அழகாக விழுந்திருந்ததால் எடிட்டர் பதிலை வெட்டிவிட்டார்.

"திருட்டு முழியப் பாரு," என்றார் மாமியார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க. ஆளு வசமா மாட்டிக்கிட்டான்," என்றாள் மனைவி.

எடிட்டர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. எப்போது ஒளிபரப்பாகும் என்று கேட்டு நம்பர் வாங்கிப் போயிருந்த அதே டிரைவர்.

"சார், கேள்வியோட நின்னுடுச்சே. நான் சொன்னது விளம்பரத்துக்கு அப்புறம் வரும்ல?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடிபட்ட பிள்ளைங்களோட அப்பா அம்மால்லாம் எங்க வீட்லதான் உக்காந்திருக்காங்க. நான்தான் வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன்."

"அது வந்து..." என்றார் எடிட்டர்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். டிரைவர் போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கெஞ்சுவது கேட்டது: "எழுந்திரிக்காதீங்கண்ணே, கொஞ்சம் உக்காருங்க. இனிமேதான் வரும்."

இரண்டு வீட்டிலும் ஒரே சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. போனில் மட்டும் அது ஒரு நொடி பிந்திக் கேட்டது.