இருநூற்றுப் பதினான்காம் நம்பர் கேரியர்

பரணிலிருந்து இறக்கிய எவர்சில்வர் கேரியரைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் வரலட்சுமி அந்த எண்ணைப் பார்த்தாள்.

214.

அடி அடுக்கின் பின்பக்கம், பெயர் வெட்டும் மிஷினால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. மூடியைத் திருப்பினாள். அங்கே வழக்கமான எழுத்து, கொட்டை கொட்டையாக: 'தேசப்பன் அன்பளிப்பு'.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் 214. தண்ணீர் டிரம்மில் 214. குழாயடி வரிசையில் நின்ற குடத்திலும் 214. பக்கத்து வீட்டுத் துறைமுகத் தொழிலாளி சின்னப்பையனின் டோக்கன் நம்பர் அது. தன் பொருள் என்று எது இருந்தாலும் அதில் அந்த எண்ணை எழுதிவிடுவார். தெருவில் பாதிப் பேர் அவரை 'ரெண்டு பதினாலு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வரலட்சுமி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

தேசப்பன் அவள் கணவன் வரதனுக்கு அண்ணன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் தொழிலாளர் சங்கப் பொருளாளர். மாத்தூரில் சொந்த வீடு. அந்த வீட்டு ஹாலில் ஒவ்வொரு தீபாவளி மதியமும் ஒரு விழா நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசை. எதிரே தேக்கு நாற்காலியில் தேசப்பன். பக்கத்து டீப்பாயில் துண்டு போட்டு மூடிய பரிசுகள். கையில் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர்கள் எழுந்து வந்து, அவர் காலில் விழுந்து, பரிசை வாங்க வேண்டும். மகன் எழிலன் போட்டோ எடுப்பான். மைக் ஒன்றுதான் குறை.

போன தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்றடுக்கு கேரியர். நாற்பத்திரண்டு வயது வரதன், பெண் மகிழினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தரையில் நெற்றி படக் குனிந்து வாங்கினான். அந்தப் போட்டோவைத் தேசப்பன் பெரிதாக்கி, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டியும் வைத்தார். அன்று முதல் மகிழினி பெரியப்பா வீட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. கேரியர் நேராகப் பரணுக்குப் போனது.

இப்போது கணக்கு சரியாகப் பொருந்தியது. போன வருஷம் சங்கத்துக்கு வெள்ளி விழா. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கேரியர். ஒரே ஆள் இரண்டு தடவை வாங்கிவிடாமல் இருக்க, அடியில் டோக்கன் நம்பர். அந்த வாரம் உறுப்பினரான சின்னப்பையன் கால் உடைந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கட்டோடு போய்க் கேட்டபோது, "ஸ்டாக் தீந்துபோச்சுப்பா" என்று சொல்லி அனுப்பியவர் பொருளாளர். அன்றைக்கு வராதவர்களின் கேரியர்கள் எல்லாம் பொருளாளரின் பாசமாக மாறிச் சொந்தக்காரர்களின் வீடுகளுக்குப் போயிருக்கின்றன.

மூடிகளை மட்டும் பையில் போட்டுக் கொண்டுபோய், சங்கத்தின் பெயரை அழித்துத் தன் பெயரை வெட்டி வாங்கியிருக்கிறார். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. வாழ்நாளில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர். பாத்திரத்துக்கு அடி என்று ஒன்று உண்டென்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மதியம் சாப்பிட வந்த வரதனிடம் கேரியரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

வரதன் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். ஆர்டர் இல்லை என்று முதலாளி இந்த வருஷம் போனஸுக்குப் பதிலாக அரைக் கிலோ மிக்சர் கொடுத்திருந்தார். அந்த மிக்சரை மென்றபடியே எண்ணைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"இத வெளிய சொல்லிகினு திரியாத."

"நா ஏன்யா சொல்றேன்?"

"இன்னா இருந்தாலும் அண்ணன்."

"நானும் அதான் சொல்றேன். அண்ணன். சாமி இல்ல. இந்த வாட்டி நீ குனியக் கூடாது. அவ்ளோதான் நா கேக்கறது."

"குனியாம எப்படி வாங்கறது? சும்மா போயி கைய நீட்டிகினு நிக்கறவன் குனிஞ்சிதான் ஆவணும்."

"அதான் சும்மா போவக் கூடாது."

தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். வரலட்சுமியின் அஞ்சறைப் பெட்டியில் நூற்றிருபது ரூபாய் இருந்தது. அதற்குள் மூன்று பேருக்குப் பரிசு. மூவரையும் கண்ணால் பார்த்து, யாருக்கு எதில் சிரமம் என்று யோசித்தாள். தேசப்பன் இதுவரை செய்யாத வேலை அது.

தேசப்பனின் மனைவி சுந்தரவல்லிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் கர்ப்பப்பை ஆபரேஷன். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கேஸ் சிலிண்டரை அவள்தான் உருட்டுகிறாள். பொருளாளருக்கு அந்த நேரத்தில் எப்போதும் ஒரு மீட்டிங் இருக்கும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, பட்டறையில் மிஞ்சிய தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்புக்கு வளையம் வைத்து, அடியில் நான்கு பழைய பேரிங்குகளைச் சக்கரமாகப் பொருத்தினான் வரதன். சிலிண்டரை நிற்க வைத்து ஒற்றை விரலால் தள்ளலாம்.

எழிலன் பாலிடெக்னிக் மாணவன். மழை வந்தால் டிராயிங் ஷீட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவன். அவனுக்கு இரண்டரை அடி பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி, தோளில் மாட்ட மகிழினி தன் பழைய புத்தகப் பையிலிருந்து பிரித்துத் தைத்த பட்டை.

தேசப்பனுக்குச் சர்க்கரை. தீபாவளிக்கு ஊரே அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும். வரலட்சுமி அரிசி மாவும் கடலை மாவும் கலந்து, எள் போட்டு, ரிப்பன் பக்கோடா பிழிந்தாள். அதை நிரப்பக் கேரியர் தயாராக இருந்தது.

"இத்தயா எடுத்துகினு போறம்மா?" என்றாள் மகிழினி.

"ஆமா. நீயும் வர."

"நா வர்ல."

"வா. இந்த வருஷம் பாக்கற மாதிரி இருக்கும்."

மாத்தூர் வீட்டு ஹால் நிரம்பியிருந்தது. தேசப்பன் பட்டு வேட்டியில், தேக்கு நாற்காலியில், கல்யாண மாப்பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே அந்தப் போட்டோ.

"வா வரதா. இன்னாடா பட்டறைல போனஸு மிக்சராமே? எத்தினி ரூம்புல அடுக்கி வச்சிகீற?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் லிஸ்ட்டில் பெயர் கீழே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

வரலட்சுமி சாக்குப் பையை இறக்கினாள். "மாமா, மொதல்ல நாங்க குடுத்துடறோம்."

"நீங்களா?" தேசப்பன் உண்மையிலேயே திடுக்கிட்டார். "குடுங்க, குடுங்க. காலம் மாறிகினு வருது."

தகட்டு வண்டி வெளியே வந்தது.

"இன்னாமே இது, ஸ்கேட்டிங் போர்டா?" என்றார் தேசப்பன். "சாத்தாங்காட்டு குப்பையெல்லாம் எங்கூட்டுக்கு வந்துருச்சா?"

சுந்தரவல்லி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. ஒரு தடவை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. வெளியே வந்தவள் வரலட்சுமியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "மெய்யாலுமே, இத்தினி வருசத்துல எனக்குன்னு யோசிச்சி எவனும் ஒண்ணு குடுத்ததில்ல" என்றாள். சொன்னது வரலட்சுமியிடம், பார்த்தது தேக்கு நாற்காலியை.

எழிலன் அதற்குள் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

"எதுலயும் பேரே போடலியே," தேசப்பன் உதட்டைப் பிதுக்கினார். "யார் குடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"சிலிண்டர் தள்றப்பல்லாம் அக்காக்கு தெரியும் மாமா. உங்களுக்கு இது. சர்க்கரை கீதுன்னு ஸ்வீட்டு போடல. ரிப்பன் பக்கோடா."

கேரியரைப் பார்த்ததும் தேசப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி. நா குடுத்த கேரியரையே எனுக்கு குடுக்கறியா? இதுல எம் பேரு கீதும்மா. வூட்ல வேற பாத்திரம் இல்லியா?"

"உங்களுது உங்களாண்டதான இருக்கணும். காலியா திருப்பக் கூடாதுன்னு ரொப்பி எடுத்தாந்தேன். அடி அடுக்க எடுத்துப் பாருங்க, அதுலதான் முறுமுறுன்னு கீது."

அவர் கிளிப்பைக் கழற்றி அடி அடுக்கை எடுத்தார். ஒன்றை வாயில் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க மாமா. அடில இன்னாவோ நம்பர் போட்டுகீது. எனுக்குப் புரியல. உங்களுக்குப் புரியும்."

தேசப்பன் தூக்கினார். பார்த்தார்.

வாயிலிருந்த பக்கோடா அரைபடாமல் நின்றது.

"இன்னா தேசப்பா, முடி கெடக்குதா?" என்றாள் தண்டையார்பேட்டை அத்தை.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல."

"எங்க பக்கத்து வூட்டு கன்னியம்மாக்கா உங்கள ரொம்ப விசாரிச்சாங்க மாமா" என்றாள் வரலட்சுமி, சீரியல் கதை சொல்லும் குரலில். "அதான், கால் ஒடஞ்சி ஸ்டான்லில கெடந்தாரே சின்னப்பையண்ணன், அவரு சம்சாரம். அவங்கள நாளைக்கி சங்கத்துக்கே கூட்டிகினு போலாமான்னு பாத்தேன். அப்புறம், வாணாம், மாமாவே ஒரு எட்டு வூட்டுக்கு வருவாருன்னு தோணிச்சி. வருவீங்கல்ல?"

"வரேன்."

"அத்த, உங்க கேரியர்லயும் அடில நம்பர் கீதா?" என்று வரலட்சுமி திரும்பினாள்.

"நா எங்க பாத்தேன்? இன்னா நம்பரு, லாட்டரியா?"

"லிஸ்ட்ட படிக்கலாமா," என்றார் தேசப்பன் அவசரமாக. மேலே ஃபேன் சுற்றியது. பட்டு ஜிப்பாவின் முதுகு நனைந்திருந்தது.

படித்தார். அத்தை குனிந்தாள், வாங்கினாள். அத்தையின் மருமகன் குனிந்தான், வாங்கினான். பழகிய முதுகுகள்.

"வரதன்."

வரலட்சுமி கணவன் பக்கம் திரும்பவில்லை. மகிழினி மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதனின் முழங்கால் பழக்கத்தில் ஒரு தடவை அசைந்தது. பிறகு அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"வண்டி வெல்ட் பண்ணதுல இடுப்பு புடிச்சிகிச்சிண்ணே. எயுந்துக்க முடியல. நீயே எடுத்தாந்து குடு."

தேசப்பன் வரலட்சுமியைப் பார்த்தார். அவள் சாவகாசமாக டீப்பாயில் இருந்த கேரியர் அடுக்கில் விரலால் தாளம் போட்டாள்.

தேசப்பன் எழுந்தார். இந்த வருஷப் பரிசான எவர்சில்வர் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை நாற்காலிகளைத் தாண்டி நடந்தார். பிளாஸ்டிக் நாற்காலி உயரம் கம்மி. உட்கார்ந்திருப்பவன் கையில் கொடுக்க வேண்டுமானால் நிற்பவன் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தார்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. எழிலன் கேமராவை இறக்கினான். "சூப்பரா வந்துகீதுப்பா" என்றான்.

"இன்னா மனசு பாத்தியா தேசப்பனுக்கு" என்று அத்தை உருகினாள். "தம்பிக்கு இடுப்பு வலின்னதும் தானே எயுந்து போறான்." இந்த மாதிரி ஆட்கள் இருக்கும் வரை தேசப்பன்களுக்குப் பஞ்சமே வராது.

மகிழினி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் காலை. கன்னியம்மா கேரியரோடு வாசலில் வந்து நின்றாள்.

"உங்க மாமாவே வந்து குடுத்துட்டுப் போனாருமே. ஸ்டாக்ல ஒண்ணு தேடிக் கண்டுபுடிச்சாராம். நல்ல மனுசன்தான்."

வரலட்சுமி வாங்கித் திறந்தாள். காலி. ரிப்பன் பக்கோடாவின் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகவில்லை. அடியைக் கவிழ்த்தாள். 214. மூடியைப் பார்த்தாள். 'தேசப்பன் அன்பளிப்பு' அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி, இன்னும் சொரசொரப்பு மாறாமல்: 'சின்னப்பையனுக்கு'.

திருடியதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வழியில் பெயர் வெட்டும் கடையில் இறங்கி, காசு கொடுத்து இதைச் செய்திருக்கிறார். காறித் துப்பலாம் என்று வரலட்சுமிக்குத் தோன்றியது. நல்ல எவர்சில்வர் ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

சின்னப்பையன் நொண்டிக்கொண்டே வந்தார். கேரியரை வாங்கி அடியைத் திருப்பினார். தன் எண்ணைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி அடியைப் பார்த்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கன்னிம்மா."

"இன்னாயா?"

"அந்த வெள்ள பெயிண்ட்டு டப்பா எங்க வச்சிகீற?"

வாசற்படியில் உட்கார்ந்து, பிரஷைத் தோய்த்து, மூடி முழுவதும் அடைத்துக்கொள்கிற மாதிரி எழுதினார். இரண்டு. ஒன்று. நான்கு. கீழே இருந்த இரண்டு பெயர்களும் தெரியாத அளவுக்குத் தடிமனாக இன்னொரு கோட் அடித்துவிட்டு, காயட்டும் என்று சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார்.