இரண்டு மாமியார்கள்

ஒன்பது மாதமாக ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். *ஸ்வெக்ரி. மாமியார், அதாவது கணவனின் தாய். ஆதி ஸ்லாவியச் சொல். அந்த மொழியில் எழுதிய ஒரு வரிகூட யாருக்கும் கிடைத்ததில்லை. ரஷ்யன், போலிஷ் போன்ற அதன் மகள் மொழிகளை வைத்து நாங்களாக ஊகித்துக் கட்டுவதுதான். அதனால் ஊகித்த வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டே ஆகவேண்டும். மகள் மொழி ஏடுகளில் கண்ணால் கண்டதற்கு மட்டும் குறி கிடையாது. எங்கள் அகராதி அலுவலகத்தில் இதில் தவறினால் தலைமைப் பதிப்பாசிரியர் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

சொல்லின் பிறப்பு சுலபமாக முடிந்தது. சமஸ்கிருத ச்வச்ரூவுக்கு இவள் ஒன்றுவிட்ட அக்கா. நடுவில் 'ஸ' இருக்கவேண்டிய இடத்தில் 'க' ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் உயிரை வாங்கியது வேற்றுமை அட்டவணை. வேற்றுமை ஏழு; ஒருமை, இரண்டுக்கென்றே தனியாக இருமை, பன்மை என எண் மூன்று. இருபத்தொரு கட்டம்.

"ரெண்டு மாமியாருக்குன்னு தனியா ஒரு சொல்லா? நான் ஒருத்தி இருக்கறது போதாதா?" என்றார் வீட்டில் அத்தை, காய் நறுக்கியபடி. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அந்த இருமைக் கட்டத்தில்தான் வினை. மகள் மொழி ஏடு ஒன்றில் கண்டதாக அலுவலகத்தின் பழைய குறிப்பு அட்டை ஒன்று சொன்னது. குறி இல்லை. கையெழுத்து தலைமைப் பதிப்பாசிரியருடையது. ஏட்டின் படச்சுருளை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் எங்கேயும் இல்லை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகமே அந்த ஒரு வடிவத்தின் மேல்தான் நின்றது. என் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரேதான்.

அட்டையோடு அவர் முன்னால் போய் நின்றேன். அதன் மஞ்சள் விளிம்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இழுப்பறையிலிருந்து என் நீட்டிப்புத் தாளை எடுத்துக் கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினார்.

"போட்டாச்சு. இனி பயப்படாம சொல்லும்மா."

"ஏட்டுல இல்லை சார்."

"தெரியும். புத்தகம் அச்சான மாசமே தெரியும். யாராவது வந்து கேப்பாங்கன்னு இருந்தேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு, ஒருத்தரும் கேக்கல."

எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று முறை ஓட்டிய கண் இன்னும் எரிந்தது. அட்டையில் நட்சத்திரத்தைப் போட்டேன்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து வந்தார். தேடாமலே பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இதுலயும் நீயே போட்டுடு. எனக்குக் கை வரமாட்டேங்குது."